மாடியில் இடம் இருந்தது

மாடி வீட்டம்மா ஏறிய பிறகு ஷேர் ஆட்டோவில் நமக்கு ஒரு பக்கத் தொடை வைக்கத்தான் இடம் மிஞ்சும். அவர் குண்டானவர் இல்லை. ஒல்லியான, குள்ளமான, எப்போதும் எங்கேயோ கிளம்பியவர் போல முந்தானையை இடுப்பில் செருகியிருக்கும் பெண். ஆனால் அவர் தனியாக ஏறமாட்டார். ஆட்டோ நகரும்போது சாலையோரம் யாராவது கை காட்டினால் ஓட்டுநரின் தோளைத் தட்டுவார்.

"நிறுத்துப்பா. எடம் இருக்குது."

"எங்கம்மா இருக்குது? எனக்கே அரை சீட்டுதான்."

"நீ ஓட்டறவன், ஒனக்கு எதுக்கு முழு சீட்டு? அண்ணா, அந்தப் பையத் தூக்கி மடியில வெய்யி. தம்பி, கால ஒடுக்கு. பாப்பா, நீ இப்டி சாஞ்சிக்கோ. தோ, இதான் எடம். ஏறும்மா நீ."

பாப்பா நான்தான். தேய்த்த சுடிதார், கழுத்தில் அடையாள அட்டை, மடியில் மடிக்கணினிப் பை. பையின் மேல் ஒரு கீரைக்கட்டும் யாருடைய குழந்தையோ ஒன்றும் வந்து உட்கார்ந்திருக்கும். இந்த அம்மாவை எனக்குத் தெரியாது என்பதுபோல வெளியே பார்த்துக்கொண்டிருப்பேன். அதற்கும் விடமாட்டார்.

"நம்ம வூட்டுப் பாப்பாதான். இன்ஜினியரு. சூரியன்ல கரண்ட் எடுக்குது."

"அப்ப ராத்திரில இன்னா பண்ணும்?" என்று யாராவது கேட்பார்கள்.

"ராத்திரில தூங்கும். சூரியனே தூங்குது, பாப்பா தூங்கக் கூடாதா?"

ஆட்டோ முழுக்கச் சிரிக்கும். வேங்கிக்கால் வரும்வரை எனக்குக் காது சூடாக இருக்கும். கலெக்டர் ஆபீஸ் எதிரில் இறங்கி, சுருக்கம் விழுந்த துப்பட்டாவை நீவிக்கொண்டு, கூரைகளில் சோலார் பேனல் மாட்டிக் கொடுக்கும் எங்கள் சின்ன அலுவலகத்துக்குள் நுழையும்போது, அவர் கூட வந்ததை யாரும் பார்த்திருக்கக் கூடாது என்று நினைத்துக்கொள்வேன்.

அவரிடம் நான் குடிவந்த கதையையும் சொல்லவேண்டும். கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் போன முதல் ஆள் நான். இன்ஜினியரிங் முடித்து வேலை கிடைத்ததும் திருவண்ணாமலையில் ஒரு அறை தேடினேன். வாடகையை யாரும் முதலில் பேசவில்லை. "சொந்த ஊரு எது?" என்பார்கள். சொல்வேன். "ஊருக்குள்ளயா, ஊருக்கு அந்தாண்டயா?" என்பார்கள். அதற்குப் பதில் சொன்ன பிறகு அந்த அறைக்கு ஏற்கெனவே வேறு யாரோ முன்பணம் கொடுத்திருப்பார்கள். நான்கைந்து வாசல்களில் இப்படி நின்ற பிறகு, செங்கம் சாலையில் இருந்து பிரியும் ஒரு தெருவில், பச்சை வண்ணம் அடித்த ஒரு பழைய கான்கிரீட் வீட்டுக்கு வந்தேன். அந்தத் தெருவிலேயே முதலில் தளம் போட்ட வீடு என்பதால் அதற்கு மாடி வீடு என்று பெயர். வாசலில் இருந்த அம்மா என்னை ஏறிட்டுப் பார்த்துக் கேட்டார்.

"பொருள் ஜாஸ்தியா, கம்மியா?"

"ஒரு பெட்டி, ஒரு பாய்தான்மா."

"அப்ப எடம் இருக்குது. வா."

அவ்வளவுதான் விசாரணை. அது தை மாதம்.

ஆனால் மனிதருக்கு இடம் கொடுப்பவரிடம் குடியிருப்பது சுலபம் இல்லை. எனக்குக் கொடுத்த அறையை எனக்கு மட்டும் கொடுத்ததாக அவர் என்றுமே நினைக்கவில்லை. பௌர்ணமியன்று கிரிவலம் வருகிறவர்கள் எங்கள் தெருமுனையைக் கடந்துதான் போவார்கள். ஒருநாள் மாலை வேலையில் இருந்து திரும்பினால் என் பாயில் ஒரு பெண் உட்கார்ந்து குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். அவள் அம்மா என் சுவரில் சாய்ந்து காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருக்கிறாள். நான் வாசலிலேயே நின்றேன்.

"கொஞ்ச நேரம் பாப்பா. பச்சக் கொழந்த. நீ பாட்டுக்கு ஒன் வேலையப் பாரு, அவங்க செவுத்தப் பாத்துக்கினு இருப்பாங்க."

"இது என் ரூம்மா."

"ஒன் ரூம்தான். யாரு இல்லன்னா? அதான் ஒங்கிட்டச் சொல்றேன்."

அவர் மேல் கோபப்படுவதற்கு ஒரு வழி தேடித் தேடி, கிடைக்காமல், கடைசியில் அந்தப் பெண்ணுக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

பௌர்ணமியன்று இன்னொன்றும் செய்வார். தெருப்பக்க ஜன்னல் கம்பியில் ஒரு ஜங்ஷன் பாக்ஸைக் கட்டித் தொங்கவிடுவார். மலையைச் சுற்ற வந்தவர்களின் போன் பாதி வழியில் செத்துப்போகும். கூட வந்தவர்களைத் தொலைத்தவர்கள், ஊர்ப் பேருந்தைத் தேடுகிறவர்கள், வீட்டில் விட்டுவந்த பிள்ளை நினைப்பில் இருப்பவர்கள் என்று ஒரு கூட்டம் ஜன்னலடியில் சேரும். உள்ளே ஒரு ஸ்டூலில் அரிசி புடைக்கும் முறத்தை வைத்து, அதில் போன்களை வரிசையாகப் படுக்கவைப்பார். சீட்டு, எண், அடையாளம் எதுவும் கிடையாது. திரும்பி வந்து கேட்பவரிடம், "மூஞ்சியக் காட்டு" என்பார். காட்டினால் சரியான போனை எடுத்துக் கொடுப்பார். ஒருவருக்காவது மாற்றிக் கொடுத்து நான் பார்த்ததில்லை. நன்றி சொல்லிப் பணம் நீட்டினால், "கரண்ட்டு என் வூட்டுக் கெணத்துலயா ஊறுது? கவர்மெண்ட்டு குடுக்குது, நான் குடுக்கறேன்" என்பார்.

கவர்மெண்ட்டு கொடுத்ததற்குப் பில் வரும். பில்லை அவருடைய மகன் ஸ்ரீபெரும்புதூரில் இருந்து போனிலேயே கட்டுவார். கட்டிய அன்று கூப்பிட்டுக் கத்துவார். ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத்தான் பேசுவார் இந்த அம்மா. அதனால் எனக்கும் கேட்கும்.

"ஊருக்கெல்லாம் கரண்ட் தானம் பண்ணிக்கினு இரு நீ. இங்க நான் ஏசி போடாம தூங்கறேன்."

"ஏசி போட்டா சளி புடிக்கும்டா ஒனக்கு."

"ம்மா!"

இந்தச் சண்டையில்தான் நான் நுழைந்தேன். அவர் வீட்டுத் தளத்தில் பேனல் போட்டால், பகலில் அது கொடுக்கும் மின்சாரம் மீட்டர் வழியாக மின்வாரியத்துக்குப் போய்க் கணக்கில் கழியும், பௌர்ணமிக்கு எத்தனை முறம் போன் வைத்தாலும் மகன் கத்தவேண்டியதில்லை என்று விளக்கினேன். மகனிடமும் பேசினேன். மானியம் உண்டு என்றதும் அவர் இளகினார். ஆனால் மலிவாக, சீக்கிரமாக முடியவேண்டும் என்றார்.

நான் இதை விற்பனைக்காகச் சொல்லவில்லை என்பதைச் சொல்லவேண்டும். என் அப்பா குத்தகை நிலத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடுகிறவர். காய் முற்றிப் பிடுங்கவேண்டிய நேரத்தில் பருவம் தப்பிய மழை அடித்து, மண்ணுக்குள்ளேயே கொட்டை முளைவிட்டு நின்றதை நான் பார்த்திருக்கிறேன். வேண்டிய நேரத்தில் மழை வராமல் செடி கருகியதையும் பார்த்திருக்கிறேன். உலகம் சூடாகிறது, கரியை எரிப்பதை நிறுத்தவேண்டும், ஒவ்வொரு நாடும் வெயிலுக்கும் காற்றுக்கும் மாறவேண்டும் என்று கல்லூரியில் ஒரு ஆசிரியை சொன்னபோது மற்றவர்கள் குறிப்பெடுத்தார்கள். எனக்கு அப்பாவின் கையில் இருந்த முளைவிட்ட காய்தான் ஞாபகம் வந்தது. அந்த வேலையில் எனக்கும் ஒரு பங்கு இருக்கிறது என்று நினைத்தால் நடையே மாறிவிடும். இன்றும் நான் அப்படித்தான் நம்புகிறேன்.

மாடி வீடுதான் நான் தனியாக வரைந்து கொடுத்த முதல் வீடு. தளத்தை அளந்து, தண்ணீர்த் தொட்டியின் நிழலும் படிக்கட்டு அறையின் நிழலும் எந்த மாதத்தில் எங்கே விழும் என்று கணினியில் ஓட்டிப் பார்த்து, ஓர் அங்குல வெயிலையும் வீணாக்காமல் பேனல்களை அடுக்கினேன். தரையோடு தாழ்வான ஸ்டாண்டு. செலவு குறைவு, காற்றுக்கும் அசையாது. எல்லாம் தெற்கு பார்த்து, மலைக்கு முதுகு காட்டி நிற்கும். பேனலைக் கழுவிவிட ஓர் ஆள் நடக்கிற அளவுக்கு நடுவில் ஒரு வழி. படத்தை வண்ணத்தில் அச்செடுத்து, ஆட்டோவில் மடங்காமல் மார்போடு பிடித்துக் கொண்டுவந்து அவரிடம் காட்டினேன்.

அவர் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டார். படத்தை ஒருமுறை திருப்பினார். மறுபடி திருப்பினார். மலை எந்தப் பக்கம் என்று கேட்டார். காட்டினேன். கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, "இதுல நாம எங்க பாப்பா நிக்கறது?" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. "நிக்கவே வேணாம்மா. அது பாட்டுக்கு வேலை செய்யும். கழுவறதுக்கு மட்டும் ஒருத்தர் போனாப் போதும். இதோ, வழி விட்டிருக்கேன் பாருங்க."

அவர் என் விரல் நின்ற இடத்தைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"சரி. எடம் இருக்குது. போடு."

பேனல் ஏறிய வாரம் அப்பாவை அழைத்துவந்தேன். அவர் மாடி வீட்டு வாசலுக்கு வந்ததும் தோளில் இருந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். செருப்பைத் தெருவிலேயே விட்டார். "உள்ள வாப்பா" என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். ஒரு இன்ஜினியரின் அப்பா இப்படி நிற்பதை யாரும் பார்க்கக் கூடாது என்று எனக்கு அவசரம். மாடி வீட்டம்மா உள்ளே இருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து, தன் நாற்காலிக்குப் பக்கத்தில் முட்டுகிற மாதிரி போட்டார்.

"உக்காரு அண்ணா. எடம் இருக்குது, எதுக்கு நிக்கற? ஒன் பொண்ணு எனக்குச் சூரியனப் புடிச்சிக் குடுத்துருக்கு, தெரியுமா?"

அப்பா நுனியில் உட்கார்ந்தார். காப்பியைக் குடித்தார். மேலே போய், பேனலைப் புறங்கையால் தொட்டுப் பார்த்து, "சுடுது" என்று மட்டும் சொன்னார். அதில் இருந்த பெருமை எனக்குத் தெரியும். அன்று அந்தத் தளத்தைப் படமெடுத்து வாட்ஸாப்பில் வைத்தேன். நீலமாக, இடைவெளியே இல்லாமல், குளம் போல இருந்தது.

அந்த மழைக்காலத்தில், வெயில் அடித்த ஒரு நாள் மதியம் தெருவில் கரண்ட் போனது. பின் சந்தில் இருந்து நான்கைந்து பேர் போனும் சார்ஜரும் ஏந்திக்கொண்டு வந்துவிட்டார்கள். "நம்ம வூட்டுல சூரியன் கரண்ட்டு, போவாது" என்று மாடி வீட்டம்மா பெருமையாக ஜங்ஷன் பாக்ஸைத் தட்டினார். எரியவில்லை. வாரியத்தின் கம்பியில் மின்சாரம் இல்லாவிட்டால் இந்த வகைப் பேனலும் தானாக நின்றுவிடும், கம்பியில் வேலை செய்கிறவர்களுக்கு ஷாக் அடிக்கக் கூடாது என்பதற்காக, என்று நான் எல்லோருக்கும் விளக்கவேண்டி வந்தது.

"மேல வெயிலு கொளுத்துது, கீழ கரண்ட்டு இல்ல. நல்லாதான் படிச்சிருக்கற" என்றார் பூக்காரக்கா. பின் சந்தில் இருந்து சாமி பூ கட்டி விற்பவர். வாய் ஜாஸ்தி.

"ஏய், அந்தப் பக்கம் லைன்மேன் ஒருத்தன் கம்பியில தொங்கிக்கினு இருப்பான். ஒன் போனுக்காக அவன் சாவணுமா?" என்று மாடி வீட்டம்மா அவரை அடக்கினார். எனக்காக என் பாடத்தையே திருப்பிச் சொன்னார். நான் தலை குனிந்து உள்ளே போனேன்.

பூக்காரக்காதான் ஐப்பசி முடியும் சமயத்தில் என்னைத் தெருமுனையில் நிறுத்தினார். மடியில் சாமந்திச் சரம். கட்டுவதை நிறுத்தாமலேயே கேட்டார்.

"தீபத்துக்கு எங்கள எங்க நிக்கச் சொல்ற?"

எனக்குப் புரியவில்லை.

புரியவைத்தார். பின் சந்து வீடுகள் எல்லாம் ஓட்டு வீடும் ஷீட்டு வீடுமாகத் தாழ்வானவை. சந்துக்கும் மலைக்கும் நடுவில் வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் ஒரு லாட்ஜ் மூன்று மாடி எழும்பிவிட்டது. சந்தில் இருந்து மலை தெரியாது. லாட்ஜ் மாடி தங்குகிறவர்களுக்கு மட்டும். கார்த்திகை தீபத்தன்று சாலையில் கால் வைக்க முடியாத கூட்டம். குழந்தைகளையும் உடம்புக்கு முடியாதவர்களையும் கூட்டிக்கொண்டு அதில் போக முடியாது. அதனால் சந்து மொத்தமும் அன்று மாலை மாடி வீட்டுத் தளத்துக்கு வரும். பாய் விரித்து, அகல் வைத்து, பொரி உருண்டையோடு காத்திருக்கும். மலை உச்சியில் சுடர் எழுந்ததும் விழுந்து கும்பிடும். பூக்காரக்காவின் வீட்டுக்காரருக்கு ஒரு பக்கம் கை கால் விழுந்துவிட்டது. அவரை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு மேலே வருவார்கள். வருஷத்தில் அவர் சந்தைவிட்டு வெளியே வருவது அந்த ஒரு நாள்தான்.

"அன்னிக்கே மாடி வூட்டு அக்காகிட்டக் கேட்டேன், மாடி பூரா கண்ணாடியப் பரப்பப் போறாங்களாமே, தீபத்துக்கு இன்னா பண்றதுன்னு. அதுக்கு இன்னா சொல்லுச்சு தெரியுமா? 'அந்தப் பொண்ணு படத்தத் தூக்கிக்கினு வந்தப்போ மூஞ்சி எப்டி இருந்துச்சுன்னு நீ பாக்கல. நான் பாத்தேன். அதுங்கிட்டப் போய் மாத்துன்னு எப்டிடீ சொல்றது'ன்னுச்சு."

சாமந்திச் சரத்தின் நாரைப் பல்லால் கடித்து அறுத்தார். என் பதிலுக்குக் காத்திருக்காமல் போய்விட்டார்.

எங்கள் ஊரில் இருந்து பார்த்தால் தீபம் ஒரு புள்ளி. அறுவடை முடிந்த வயலில் எங்கே நின்றாலும் தெரியும். பார்ப்பதற்கு யாரிடமும் போய் இடம் கேட்கவேண்டியதில்லை. வெட்டவெளியில் நின்று தீபம் பார்த்து வளர்ந்தவளுக்கு, மலையடிவாரத்திலேயே இருக்கிறவர்களுக்கு மலை தெரியாமல் போகும் என்று தோன்றவில்லை. நிழல்களை எல்லாம் கணக்கில் எடுத்தேன். மனிதர்களை எடுக்கவில்லை.

அலுவலகத்துக்குப் போய் முதலாளியிடம் கேட்டேன். ஸ்டாண்டை ஆள் உயரத்துக்குமேல் தூக்கிவிடலாம், கீழே நிற்கலாம் என்றேன்.

"முன்னாடியே சொல்லியிருந்தா அப்டியே போட்டிருக்கலாம். இப்பக் கழட்டி, புதுசா ஸ்டாண்டு அடிச்சி, மறுபடியும் ஈபி ஆளு வந்து பாத்து... தீபத்துக்குள்ள நடக்கற காரியமா? ஒரு நாள் கூத்துக்கு வருஷம் பூரா வர்ற கரண்ட்ட நிறுத்தச் சொல்றியேம்மா."

அவர் கெட்டவர் இல்லை. ஒரு மாதத்துக்கு முன்பு என்னிடம் யாராவது கேட்டிருந்தால் நானும் அதே வார்த்தைகளைத்தான் சொல்லியிருப்பேன். அதுதான் எனக்குச் சுருக்கென்றது.

மாடி வீட்டம்மாவிடம் போனேன். கிணற்றடியில் முறத்தைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"ஏம்மா எங்கிட்டச் சொல்லல?"

"இன்னா சொல்லல?"

"தீபத்தன்னிக்கு எல்லாரும் மேல வருவாங்கன்னு."

"அவ சொன்னாளா? அவளுக்குப் பூ கட்டற நேரத்துல வாயும் சேந்து கட்டும்." முறத்தை உதறிச் சுவரில் சாய்த்தார். "நீதான் வழி உட்டுருக்கியே. ஒருத்தர் பின்னால ஒருத்தரா நிந்தா எத்தினி பேரு நிக்கலாம். எடம் இருக்குது, போ."

அந்தத் தீபம் முடிந்து சில மாதங்கள் கழித்து அவரை மகன் தன்னோடு கூட்டிக்கொண்டு போய்விட்டார். ஏசி அறையில் அவருக்குச் சளி பிடித்ததா என்று தெரியாது. வீடு வாடகைக்குப் போனது. நானும் வேறு அறைக்கு மாறினேன். மகனிடமும் முதலாளியிடமும் மன்றாடி, அடுத்த கார்த்திகைக்குள் ஸ்டாண்டை உயர்த்தினேன். இப்போது பேனலுக்கு அடியில் சந்து மொத்தமும் நிற்கலாம். நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதைப் பார்க்க அவர் இல்லை. ஜன்னல் கம்பியில் ஜங்ஷன் பாக்ஸும் இல்லை. இப்போது எந்த வீட்டுக்கு அளக்கப் போனாலும் டேப்பை எடுப்பதற்கு முன்னால், இந்த மாடிக்கு யார் யார் வருவார்கள் என்று கேட்கிறேன். வடகம் காயவைக்கிறவர்கள், பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள், பக்கத்து வீட்டில் இருந்து துணி உலர்த்த வருகிறவர்கள் என்று சொல்வார்கள். கூட வேலை செய்கிறவர்கள் இதற்கு என்னைக் கிண்டல் செய்கிறார்கள்.

ஆனால் அவரை நினைக்கும்போது எனக்கு ஞாபகம் வருவது அந்த முதல் தீபத்து மாலைதான்.

மதியத்தில் இருந்தே தூறல். நாலரைக்கு விட்டது. சந்தில் இருந்து ஒவ்வொருவராக வந்தார்கள். பாய் கொண்டுவந்தவர்கள் அதைச் சுருட்டியபடியே கீழே வைத்துவிட்டு ஏறினார்கள். மாடி வீட்டம்மா படிக்கட்டின் மேல்வாசலில் நின்று ஒவ்வொருவரையும் தோளைப் பிடித்துத் திருப்பி அந்தக் குறுகிய வழியில் அனுப்பினார். "பக்கவாட்டுல நில்லு. வயித்த உள்ள இழு. கொழந்தயத் தோள்ல வெய்யி. தோ, இன்னும் ஒருத்தர் நிக்கலாம்."

நான் வழியின் மறுகோடியில், பேனல்களுக்குக் காவலாக நின்றேன். யாரும் மிதித்துவிடக் கூடாது. மிதித்தால் உடையும், வழுக்கும், விழுந்தால் அதைவிட மோசம். "அக்கா, கை வெக்காதீங்க. தம்பி, காலு, காலு. அது மேல அகல் வெக்கக் கூடாதும்மா."

"இன்னா பாப்பா, கோயில்ல போலீசு நிக்கற மாரி நிக்கற" என்றது ஒரு குரல். சிரித்தார்கள். நானும் சிரிக்கப் பார்த்தேன்.

கடைசியாக நாற்காலி வந்தது. முன்னால் ஒருவர், பின்னால் ஒரு இளைஞன். பூக்காரக்காவின் வீட்டுக்காரர் வெள்ளை வேட்டியில், நெற்றி நிறைய விபூதியோடு. அவருக்கு யாரோ எண்ணெய் தேய்த்துத் தலைவாரியிருந்தார்கள். நாற்காலி வழிக்குள் நுழையவில்லை. அதன் கால்கள் அகலம். முன்னால் இருந்தவர் நாற்காலியைப் பேனலுக்குமேல் தூக்கிக் கொண்டுபோகப் பார்த்தார்.

"வேணாம்!" என்று கத்தினேன்.

நான் நினைத்ததைவிடக் குரல் பெரிதாக வந்துவிட்டது. எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். பூக்காரக்கா, அவ்வளவு வாய் உள்ளவர், குனிந்து வீட்டுக்காரரின் வேட்டியை இழுத்துவிட்டார். நாற்காலியில் இருந்தவர்தான் குழறிய வாயோடு சொன்னார். "எறக்குங்கடா. வூட்டுக்குப் போலாம்."

"யாரு எறக்கறது?" மாடி வீட்டம்மா இரண்டு படி கீழே இறங்கினார். "எடம் இருக்குது. நெலவாசல்லயே வெய்யி. அங்கேர்ந்து நேரா உச்சி தெரியும்."

தெரியும்தான். ஆனால் படிக்கட்டு அறையின் நிலைவாசலில் நாற்காலியின் முன்கால்கள் மட்டும்தான் தளத்தில் நிற்கும். பின்கால்கள் படிக்கட்டின் பக்கம் அந்தரத்தில். யாராவது பின்னால் நின்று பிடித்துக்கொள்ள வேண்டும். பின்னால் இருந்த இளைஞனை அவர் விலக்கினார். "நீ உள்ள போடா. போன வருஷம் நீ வேலைக்கிப் போயிட்ட, பாக்கல. நான் எல்லா வருஷமும் பாத்தவ." அவன் நாற்காலிக்குப் பக்கத்தில் நுழைந்து தளத்துக்கு வந்தான். நாற்காலி வாசலில் பதிந்தது. வாசல் அடைபட்டது. அவர் அதற்குப் பின்னால், படியில், இருட்டில்.

"அம்மா, நான் வந்து புடிக்கறேன்" என்றேன். ஆனால் எனக்கும் அவருக்கும் நடுவில் அந்த வழி முழுக்க மனிதர்கள். நான் வரைந்த வழியில் நானே திரும்பி வர முடியாது.

அப்போது மலை உச்சியில் சுடர் எழுந்தது. ஊர் முழுக்க ஒரே குரலாக அரோகரா என்றது. எங்கள் மாடியும் என்றது. விழுந்து கும்பிடத் தரை இல்லாமல், முழங்கைகள் ஒன்றோடொன்று இடிக்க, எல்லோரும் கைகளைத் தலைக்குமேல் தூக்கினார்கள். நாற்காலியில் இருந்தவர் எழும்பும் ஒரு கையை மட்டும் தூக்கினார். அவர் கன்னத்தில் கண்ணீர் ஓடியது. நாற்காலி ஆடியது. ஆடவிடாமல் அதன் முதுகை இரண்டு பக்கமும் பற்றியிருந்த விரல்கள் மட்டும் எனக்குத் தெரிந்தன. பழைய கண்ணாடி வளையல் ஒன்று மணிக்கட்டில் இருந்து நழுவி நின்றது.

"தெரியுதாடா எல்லாருக்கும்?" படியில் இருந்து அவர் கேட்டார்.

"தெரியுதுக்கா!" என்றது மாடி.

"பாப்பா?"

நான் மலைக்கு முதுகு காட்டி நின்றுகொண்டிருந்தேன். என்னைச் சுற்றி யாரும் இல்லை. காவலுக்கு என்று நான் எடுத்துக்கொண்ட மூலைதான் அந்த மாடியிலேயே பெரிய இடம்.

"பாப்பா, ஒனக்கு எடம் கெடைச்சுதா?"

"கெடைச்சுதும்மா" என்றேன்.